எழுதுகோலும் வமிசாவளியும்: ‘அல்-முஅய்யத்’ ஆசிரியர் ஷைகு அலீ யூசுஃப் – ஒரு மதிப்பீடு

அரபிக் கல்லூரிகளில் ‘ஹிதாயா’வின் நிகாஹ் பாடம் கஃபாஅத் என்னும் பகுதியை எட்டும்போது மாணவர் முகங்களில் ஒரு புன்னகை படர்வதைப் பல்லாண்டுகளாக நாம் கண்டு வருகிறோம். மணமகன் மணமகளுக்கு எவ்வெவற்றில் ஈடாக இருத்தல் வேண்டும் என்பதை ஆராயும் பகுதி அது. குலம், மார்க்கப் பேணுதல், பொருள் ஆகியவற்றோடு தொழிலும் அங்கே பேசப்படுகிறது. இரத்தம் குத்தி எடுப்பவர், நெசவாளர், தோல் பதனிடுபவர் ஆகியோரின் தொழில்கள் தாழ்ந்தவற்றுக்கு உதாரணமாகக் காட்டப்படுகின்றன. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் தோல் வணிகத்தில் ஈட்டிய பொருளைக் கொண்டே மதரஸாக்களும் கல்லூரிகளும் எழுந்த நாட்டில் இருந்துகொண்டு இதைப் படிக்கும் மாணவன் புன்னகைப்பதில் வியப்பில்லை. ‘இதெல்லாம் பழைய காலத்துச் செய்தி’ என்று அவன் எண்ணிக்கொள்கிறான். அப்பொழுதெல்லாம் நாம் அவனுக்கு ஒரு வழக்கை நினைவூட்டுவதுண்டு. அது 1904ஆம் ஆண்டில், கெய்ரோ மாநகரில், அரபுலகின் செல்வாக்கு மிக்க நாளேடு ஒன்றின் உரிமையாளர் மீது நடந்த வழக்கு. அவர் புரிந்த குற்றம், பத்திரிகை நடத்தியதே.

அவர்தாம் ஷைகு அலீ யூசுஃப். 1863இல் மேல் எகிப்தின் பலஸ்ஃபூரா என்னும் சிற்றூரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். தந்தையின் முகம் நினைவில் பதியும் முன்பே தந்தையை இழந்தார். தாயின் ஊராகிய பனீ அதீயில் வளர்ந்து, குர்ஆனை மனனம் செய்து, 1880களின் தொடக்கத்தில் அல்-அஸ்ஹருக்கு வந்து சேர்ந்தார். அவர் வந்த காலத்தை மனத்திற்கொள்ள வேண்டும். 1882இல் உராபி பாஷாவின் எழுச்சி முறியடிக்கப்பட்டு, எகிப்து ஆங்கிலேயர் வசமாயிற்று. உராபி இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டதும், கண்டியில் ‘முஸ்லிம் நேசன்’ நடத்திய சித்திலெப்பை போன்றோர் அவரோடு நட்புப் பாராட்டியதும் தமிழ் முஸ்லிம்கள் அறிந்த வரலாறு. உராபி விட்டுச்சென்ற கெய்ரோவில்தான், தோல்வியின் மௌனம் சூழ்ந்திருந்த வேளையில், அலீ யூசுஃப் எழுதத் தொடங்கினார்.

முதலில் கவிதை எழுதினார். பிறகு 1887இல் ‘அல்-ஆதாப்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். அக்காலத்தில் எகிப்தின் பெரிய ஏடுகள் பலவும் சிரியா, லெபனான் பகுதிகளிலிருந்து வந்தவர்களின் கைகளில் இருந்தன. ‘அல்-அஹ்ராம்’ பிரெஞ்சுச் சார்பாகவும், 1889இல் தோன்றிய ‘அல்-முகத்தம்’ வெளிப்படையாகவே ஆங்கிலேயச் சார்பாகவும் நின்றன. எகிப்திய முஸ்லிம்களின் கருத்தை உரைக்க ஒரு நாளேடு இல்லை என்னும் குறையைப் போக்கவே, 1889 டிசம்பர் 1ஆம் நாள் ‘அல்-முஅய்யத்’ வெளிவந்தது. ஷைகு அஹ்மத் மாளீ என்பவர் அதில் பங்காளர். சிறிது காலத்தில் அவர் விலகிக்கொள்ள, கையில் பொருளில்லாத அலீ யூசுஃப் ஏட்டைத் தனியே தாங்க நேர்ந்தது. நண்பர்கள் கைகொடுத்தனர், பின்னாளில் எகிப்தின் தலைவராய்த் திகழ்ந்த சஅத் ஸக்லூலும் அவர்களுள் ஒருவர்.

அந்த ஏடு எத்தகைய அரங்கமாய் விளங்கியது என்பதற்கு அதில் எழுதியோரின் பெயர்களே சான்று. முஸ்தஃபா காமில் தமக்கென ‘அல்-லிவா’வை 1900இல் தொடங்கும் முன் இதில்தான் எழுதினார். இஸ்லாத்தைக் குறைகூறிய பிரெஞ்சு அமைச்சர் ஹானோத்தோவுக்கு முஹம்மது அப்துஹு அளித்த மறுப்பு 1900இல் இதில்தான் வந்தது. கொடுங்கோன்மையின் இயல்புகளைப் பற்றிய அல்-கவாகிபீயின் புகழ்பெற்ற கட்டுரைகளும், மன்ஃபலூத்தியின் ‘நழராத்’ கட்டுரைகளும் இதன் பக்கங்களிலேயே முதலில் வாசகரைச் சென்றடைந்தன. 1896இல் டோங்கோலாப் படையெடுப்பின்போது, படையில் காலரா பரவியது குறித்துத் தளபதி கிச்சனர் அனுப்பிய மறைவான தந்தியை ‘அல்-முஅய்யத்’ வெளியிட்டது. ஆசிரியர் மீது வழக்குத் தொடரப்பட்டது, அவர் விடுதலையானார். அஸ்ஹரின் பாயில் அமர்ந்து படித்த கிராமத்து இளைஞன் ஒருவன் ஆங்கிலப் பேரரசின் தளபதியை எதிர்த்து நீதிமன்றத்தில் வென்றதை எகிப்தியர் தம் வெற்றியாகவே கொண்டாடினர்.

இந்த உயரத்தில் இருந்தபோதுதான், 1904 ஜூலையில், அவர் ஸஃபிய்யாவை மணந்தார். ஸஃபிய்யா, நபிகளாரின் வழித்தோன்றல்கள் எனப் போற்றப்பட்ட சாதாத் குடும்பத் தலைவர் ஷைகு அப்துல் காலிக் அஸ்-ஸாதாத்தின் மகள். நிச்சயம் முன்பே ஆகியிருந்தது. ஆயினும் தந்தை ஆண்டுக்கணக்கில் நாளைக் கடத்திக்கொண்டே வந்தார். இறுதியில், உறவினரான ஷைகு முஹம்மது தௌஃபீக் அல்-பக்ரீயின் இல்லத்தில், தந்தை அறியாமலே நிகாஹ் நடந்தேறியது. செய்தியை ஏட்டில் கண்ட தந்தை ஷரீஅத் நீதிமன்றத்தை நாடினார்.

சட்ட நிலையை இங்குத் தெளிவாக்கிக்கொள்வது நன்று. எகிப்திய ஷரீஅத் நீதிமன்றங்கள் ஹனஃபீ மத்ஹபின்படி தீர்ப்பளித்தன. அம்மத்ஹபில் பருவமெய்திய பெண் தன் நிகாஹைத் தானே செய்துகொள்ளலாம். ஷாஃபியீ மத்ஹபில் வலீ இன்றி நிகாஹ் இல்லை. எனினும், கணவன் ஈடானவன் அல்லன் என்றால், நிகாஹை நீக்குமாறு காழியிடம் முறையிடும் உரிமையை ஹனஃபீ மத்ஹபு வலீக்கு அளிக்கிறது. எனவே வழக்கு முழுவதும் ‘ஈடு’ என்னும் ஒரே சொல்லின் மேல் நின்றது. காழியாக அமர்ந்தவர் ஷைகு அஹ்மத் அபூ கத்வா. தீர்ப்பு வரும் வரை இருவரையும் பிரித்து வைக்க அவர் ஆணையிட்டார். ஸஃபிய்யா தந்தையின் வீட்டுக்குத் திரும்ப மறுத்து, மதிப்பிற்குரிய ஆலிம் ஒருவரின் இல்லத்தில் தங்கினார். தம் ஆணை முறையாக நிறைவேறும் வரை வழக்கை நடத்தமாட்டேன் என்று காழி விசாரணையையே நிறுத்தி வைத்ததும் நடந்தது. நாடே இரண்டு பட்டது. கதீவ் அப்பாஸ் ஹில்மி அலீ யூசுஃபின் பக்கம் நின்றார். ‘அல்-லிவா’ அவருக்கு எதிராக எழுதியது.

தந்தையின் தரப்பு இரண்டு வாதங்களை வைத்தது. மணமகனின் குலம் தாழ்ந்தது என்பது ஒன்று. பிறர் மறைவுகளைத் துருவிப் பிழைக்கும் பத்திரிகைத் தொழில் இழிவானது என்பது மற்றொன்று. ஆகஸ்டில் வந்த தீர்ப்பு தந்தைக்குச் சாதகமாயிற்று, நிகாஹ் நீக்கப்பட்டது. மேல்முறையீடும் பயனளிக்கவில்லை. பின்னர்ச் சமாதானம் ஏற்பட்டு, தந்தையின் இசைவோடு அதே இருவருக்கும் மீண்டும் நிகாஹ் நடந்தது.

அஹ்மத் பஹாவுத்தீன் தம் ‘அய்யாமுன் லஹா தாரீக்’ நூலில் இவ்வழக்கை எடுத்துரைத்த பின்னர், இதைப் பழமைக்கும் புதுமைக்கும் நடந்த போராகக் காண்பது பலருக்கு வழக்கமாயிற்று. நமக்கு அந்தப் பார்வை போதுமானதாகத் தோன்றவில்லை. காழியும் அஸ்ஹரி, மணமகனும் அஸ்ஹரி. இருவரும் ஒரே நூல்களை ஓதியவர்கள். ஆதலால் கேட்க வேண்டிய கேள்வி, அந்நூல்கள் சொன்னது முழுவதும் அங்கே கேட்கப்பட்டதா என்பதே.

நூல்களைத் திறந்தால் வேறு குரல்களும் கேட்கின்றன. தொழிலைக் கஃபாஅத்தில் கணக்கிட வேண்டுமா என்பதில் இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களிடமிருந்தே இரு விதமான அறிவிப்புகள் உள்ளன. கணக்கிட வேண்டியதில்லை என்னும் கருத்துக்கு ‘ஹிதாயா’ ஆசிரியர் தரும் காரணம் ஆழமானது: தொழில் மனிதனோடு ஒட்டிப் பிறப்பதன்று, தாழ்ந்த ஒன்றை விட்டு உயர்ந்த ஒன்றுக்கு அவன் மாறிவிடக்கூடும். கணக்கிட வேண்டும் என்போரும், மக்கள் எதைப் பெருமையாகவும் எதைச் சிறுமையாகவும் கருதுகின்றனர் என்னும் வழக்கத்தையே அடிப்படையாகக் கொள்கின்றனர். வழக்கம் மாறினால் தீர்ப்பும் மாறும் என்பதே அதன் பொருள். ஹனஃபீ அறிஞரான இமாம் கர்கீ கஃபாஅத்தையே ஏற்றாரில்லை; ஸுஃப்யான் அஸ்-ஸௌரீயும் அவ்வாறே. இமாம் மாலிக் (ரஹ்) மார்க்கப் பற்றையே முதன்மையாக்கினார். விடுதலை பெற்ற அடிமையின் மகனான உஸாமா (ரலி) அவர்களை மணக்குமாறு குறைஷிப் பெண்ணான ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்களே ஆலோசனை கூறியதை நாம் ஹதீஸ் பாடத்திலும் ஓதுகிறோம். அமைச்சரும் அறிஞரும் ஒருங்கே எழுதிய ஏட்டின் ஆசிரியரை 1904இன் கெய்ரோ எங்ஙனம் மதித்தது என்பதை அதே வழக்கத்தின் அளவுகோலால் அளந்திருந்தால், வேறு முடிவுக்கும் இடமிருந்திருக்கும்.

எனினும் நம் திறனாய்வு காழியோடு நின்றுவிடலாகாது. அலீ யூசுஃப் தம்மை எவ்வாறு காத்துக்கொண்டார் என்பதையும் பார்க்க வேண்டும். குலம் தாழ்ந்தது என்ற குற்றச்சாட்டுக்கு எதிராக அவர் முன்வைத்தது, தாமும் ஹுஸைன் (ரலி) அவர்களின் வழியில் வந்தவர் என்னும் வமிசாவளியை. பதினைந்து ஆண்டுகள் தம் எழுதுகோலால் தம்மை உருவாக்கிக்கொண்ட மனிதர், சோதனை நேரத்தில் அந்த எழுதுகோலை மேசையில் வைத்துவிட்டுப் பாட்டனாரின் பெயர்ப் பட்டியலை எடுத்து விரித்தார். ‘என் தொழிலே என் குலம்’ என்று அவர் நின்றிருந்தால், வழக்கில் தோற்றிருப்பினும் அவருக்குப் பின் வந்த ஒவ்வொரு பத்திரிகையாளனுக்கும் அது ஒரு கவசமாய் இருந்திருக்கும். தம் இறுதி ஆண்டுகளில் அவர் ஏட்டை விட்டுவிட்டு, மாமனாரின் வஃபாயிய்யா சாதாத் பீடத்திலேயே ஷைகாக அமர்ந்தார் என்பது இக்கதையின் துயரமான நிறைவு. எந்த வாயிலில் ஈடற்றவர் என்று தடுக்கப்பட்டாரோ, அந்த வாயிலுக்குள்ளேயே சென்று அமர்வதை அவர் வெற்றியெனக் கருதினார் போலும்.

அவருடைய பொதுவாழ்விலும் இதே பலவீனம் ஓடுகிறது. ஆங்கிலேயரை அஞ்சாத ஏடு, அரண்மனையை மட்டும் அஞ்சியது. 1907இல் அவர் நிறுவிய அரசியலமைப்புச் சீர்திருத்தக் கட்சி கதீவின் நிழலிலேயே வளர்ந்தது. குரோமருக்குப் பின் வந்த கோர்ஸ்ட் கதீவோடு இணங்கிப் போனபோது, ‘அல்-முஅய்யத்’தின் குரலும் தணிந்தது. 1913 அக்டோபரில் அலீ யூசுஃப் மறைந்தார். அடுத்த ஆண்டு டிசம்பரில் ஆங்கிலேயர் கதீவைப் பதவியிலிருந்து நீக்கினர். இரு தூண்களும் சாய்ந்தபின் அந்த ஏடு நெடுநாள் நிற்கவில்லை.

இவ்வளவும் கூறியபின்னும் அவர்மீது நமக்கு மதிப்புக் குறையவில்லை. தந்தையற்ற ஒரு கிராமத்துச் சிறுவன், அரபு மொழி ஒன்றையே முதலாகக் கொண்டு, ஒரு நாட்டின் கருத்தைத் திரட்டிய ஏட்டை எழுப்பினான். அதற்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக. நாம் அவரிடம் காணும் குறை நம்முடையதும் ஆகும். மதரஸாவில் ஓதி வெளிவரும் இளைஞனுக்குப் பெண் பேசச் சென்றால், அவன் எவ்வளவு ஓதினான் என்பதைவிட எவ்வளவு சம்பளம், எந்தத் தெரு, யாருடைய பேரன் என்பனவே முதலில் கேட்கப்படுகின்றன. பள்ளிவாசலில் அவன் பின்னே நின்று தொழுபவரே மகளைக் கொடுக்கத் தயங்குவதை நாம் அறியாதவர் அல்லர். கெய்ரோவின் காழி 1904இல் எழுதிய தீர்ப்பை நம் ஊர்களின் திண்ணைகள் மேல்முறையீட்டுக்கு இடமின்றி இன்றும் எழுதிக்கொண்டிருக்கின்றன. அடுத்த ஆண்டும் கஃபாஅத் பாடம் வரும், மாணவன் புன்னகைப்பான். அவன் நிகாஹுக்கு நாள் பார்க்கும் வேளையிலும் அந்தப் புன்னகை எஞ்சியிருக்க வேண்டுமானால், மாற வேண்டியவை அந்தத் திண்ணைகளே.