ஓட்டுநரும் உற்பத்தியாளரும்: மோட்டார் சைக்கிள் பந்தயம் பற்றிய ஒரு நோக்கு

மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் வெல்வது இயந்திரமே, அதன்மேல் அமர்ந்திருப்பவன் வெறுஞ் சுமை என்றொரு கருத்து நம்மிடையே நிலவுகின்றது. சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் இளைஞர் கூடிப் பேசுமிடங்களில் ஓட்டுநரின் பெயரைவிடக் கம்பனியின் பெயரே உரத்து ஒலிப்பதை அவதானிக்கலாம். இக்கருத்து முற்றிலும் பொய்யன்று. ஆயினும், தொழினுட்பத்தின்மீது பழிசுமத்துவதோடு அது நின்றுவிடுவதால் உண்மையான சிக்கல் மறைந்துபோகின்றது.

2024ஆம் ஆண்டின் உலகத் தொடரை எடுத்துக்கொள்வோம். நடைபெற்ற 20 பிரதான பந்தயங்களுள் 19இல் இத்தாலியின் டுக்காட்டி வாகனங்களே வென்றன. எஞ்சிய ஒன்று அப்பிரிலியாவுக்குக் கிடைத்தது. இவ்வளவில் நிறுத்தினால் இயந்திரவாதிகளின் கூற்று மெய்யெனவே தோன்றும். ஆனால், களமிறங்கிய எட்டு டுக்காட்டிகளுள் நான்கு முந்திய ஆண்டின் வடிவங்கள். அந்நான்கில் ஒன்றைச் செலுத்திய மார்க் மார்க்கெஸ் மூன்று பந்தயங்களை வென்றார். அதே வடிவத்தைப் பெற்ற ஏனைய மூவருக்கும் ஒரு வெற்றிதானும் கிட்டவில்லை. மனித ஆற்றலை அளக்க இதனினும் தெளிந்த அளவுகோல் வேண்டுமோ? 2004இல் வலன்டினோ ரொஸ்ஸி, வென்றுகொண்டிருந்த ஹொண்டாவைத் துறந்து, 1992இன் பின்னர் உச்சப் பிரிவில் பட்டம் காணாதிருந்த யமஹாவுக்குச் சென்று அவ்வாண்டே சம்பியனானதும் ஈண்டு நினைக்கத்தக்கது. (அவருடன் அவரது தலைமைப் பொறியாளர் ஜெரமி பேர்ஜஸும் சென்றார் என்பதைப் புகழ்மாலை தொடுப்போர் பெரும்பாலும் கூறுவதில்லை.)

எனவே, தொழினுட்பம் மனிதனை விழுங்கிவிட்டது என்பது மிகைக்கூற்று. போட்டியின் நிபந்தனைகளை வகுப்பவர் யார் என்பதே முதன்மையான வினா. விதிகளை ஆக்கும் குழுவில் ஏற்பாட்டாளர், சர்வதேசச் சம்மேளனம், அணிகள் ஆகியோருடன் உற்பத்தியாளர் சங்கமும் சமமாக அமர்ந்திருக்கின்றது. 2016இல் எல்லா வாகனங்களுக்கும் ஒரே மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவியும் மென்பொருளும் விதிக்கப்பட்டன. மின்னணுவியலில் அடைபட்ட வழி காற்றியக்கவியலில் திறந்துகொண்டது. சிறகுகள் முளைத்தன, வாகனத்தின் உயரத்தைத் தாழ்த்தும் பொறிகள் வந்தன. முன்செல்லும் வாகனத்தின் பின்னெழும் குழம்பிய காற்றும், அதில் சூடேறும் முன் டயரும் முந்துதலையே அரிதாக்கின. உயரப் பொறிகளுக்கு 2027 முதல் தடை என முடிவாகியது. அதற்குள் எத்தனை தொடர்கள் கழிந்துவிட்டன!

உற்பத்தியாளரின் பிடி இன்னும் கடுமையாக வெளிப்பட்டது சுசுக்கியின் விடயத்திலாகும். 2020இல் ஜோன் மிர் மூலம் உலகப் பட்டம் வென்ற அக்கம்பனி, 2026 வரை ஒப்பந்தம் இருந்தும் 2022இன் இறுதியில் விலகியது. அவ்வாண்டின் கடைசிப் பந்தயத்தை வென்றதும் சுசுக்கியே. களத்தில் வென்ற அணியைக் கணக்கேடு வெளியேற்றியது.

இயந்திரச் சமமின்மைக்கு மாற்றாகக் கூறப்படுவது ஒரே வகை வாகனப் போட்டி. இதற்கு நமக்கு அண்மையிலுள்ள உதாரணம் தமிழகம். இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுபாதையான சோழவரத்தில் வளர்ந்த அங்குள்ள பந்தய மரபு, 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதையைப் பெற்றது. ரீ.வி.எஸ். கம்பனி 1994 முதல் தன் வாகனங்கள் மட்டுமே ஓடும் தொடரை நடத்திவருகின்றது. பணமில்லாத இளைஞனும் பணமுள்ளவனும் அங்கு ஒரே வாகனத்தில் ஏறுகின்றனர் என்பது சிறிய பேறன்று. ஆனால் ஓட்டுநரைத் தெரிவதும், வாகனம் தருவதும், வெற்றியை விளம்பரமாக்குவதும் ஒரே கை. எவர் முதலில் வந்தாலும் விற்பனையாவது அதே பெயர்தான்.

எனினும், இம்முறையை முற்றாக நிராகரிக்க என்னால் இயலவில்லை. நாம் ஓட்டுவன பெரும்பாலும் இந்திய, ஜப்பானியக் கம்பனிகளின் வாகனங்கள். பந்தய வேகத்தைக் காட்டியே அவை நமக்கு விற்கப்படுகின்றன. அவ்வேகத்தை முறையாகப் பழக அம்பாறைக் கரையோரத்தில் ஒரு பந்தயப் பாதை இல்லை, தெரிவுக்கு அழைப்பாருமில்லை. கல்முனை இளைஞன் இத்தொழிலின் கணக்கில் வாங்குவோனாக மட்டுமே இடம்பெறுகின்றான். அவனது வேகத்துக்கு எஞ்சியிருப்பது, பேருந்துகளும் முச்சக்கர வண்டிகளும் பாடசாலைப் பிள்ளைகளும் செல்லும் அக்கரைப்பற்று வீதியே.