ஒரே பிழைக்கு இரண்டு திருத்தங்கள்

2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில், அரிவாள் செல் சோகையை 2047க்குள் ஒழிப்பதற்கான தேசிய இயக்கத்தைப் பிரதமர் தொடங்கிவைத்தார். அதே ஆண்டு நவம்பர் 16 அன்று, அதே நோய்க்கான ‘காஸ்கெவி’ என்னும் மரபணுத் திருத்தச் சிகிச்சைக்குப் பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு அனுமதி அளித்தது. கிரிஸ்பர் என்னும் மரபணு வெட்டும் முறையில் உருவான சிகிச்சை ஒன்று உலகில் பெற்ற முதல் அனுமதி அதுதான். டிசம்பர் 8 அன்று அமெரிக்காவும் அனுமதித்தது.

மனித மரபியல் பொதுச் சுகாதாரத்துக்கு என்ன தந்திருக்கிறது என்று எடைபோட இதைவிடப் பொருத்தமான இணை கிடைப்பது அரிது. நோய் ஒன்று, அதன் மூலமும் ஒன்று; வழிகள் மட்டும் இரண்டு. ஒரு வழி தனி நோயாளியின் எலும்பு மஜ்ஜைக்குள் இறங்குகிறது. மற்றது ஏழு கோடிப் பேரின் ரத்தத்தைச் சோதிக்கப் புறப்படுகிறது. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவதே முறை.

அளவுகோலை முதலில் சொல்லிவிடலாம். மருத்துவ அறிவியலின் ஒரு வெற்றியைப் பொதுச் சுகாதாரச் சாதனையாக ஏற்க மூன்று தகுதிகள் வேண்டும். முதலாவது, சான்றின் உறுதி. இரண்டாவது, நோயைக் கண்டறிவதில் தொடங்கி நோயாளியின் ஆயுள் நீள்வது வரை கண்ணி அறுபடாத ஒருமை. மூன்றாவது, நோயின் சுமை எங்கே மிகுதியோ அங்கே போய்ச் சேரும் வீச்சு. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது நல்ல அறிவியலாக இருக்கலாம், நல்ல சிகிச்சையாகவும் இருக்கலாம்; பொதுச் சுகாதாரம் ஆகாது.

சுமையின் அளவு நமக்குத் தெரிந்ததே. உலக நோய்ச்சுமை ஆய்வின் மதிப்பீட்டின்படி 2021இல் 5,15,000 குழந்தைகள் இந்நோயோடு பிறந்தார்கள். நான்கில் மூன்று பங்குக்கு மேல் சகாராவுக்குத் தெற்கிலுள்ள ஆப்பிரிக்காவில். அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. அரிவாள் செல் நோயே காரணம் என்று கணக்கில் ஏறிய இறப்புகள் 34,400. இந்நோயோடு வாழ்ந்து எந்தக் காரணத்தாலோ இறந்தவர்கள் 3,76,000. ஏறத்தாழ பதினொரு மடங்கு வேறுபாடு. கிருமித்தொற்று என்றும் பக்கவாதம் என்றும் பெயர் மாறிப் பதிவான சாவுகள் இவை. எண்ணப்படாத நோய்க்கு நிதியும் ஒதுக்கப்படுவதில்லை.

இனி காஸ்கெவி. அதன் அறிவியல் தகுதியில் ஐயத்துக்கு இடமில்லை. வேதியியலாளர் லைனஸ் பாலிங் 1949இல் அரிவாள் செல் சோகையை ‘மூலக்கூறு நோய்’ என்று வகைப்படுத்தினார். 1957இல் உயிர்வேதியியலாளர் வெர்னன் இங்க்ராம், ஹீமோகுளோபின் புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பதே நோயின் வேர் என்று காட்டினார். ஆனால் இன்றைய சிகிச்சை அந்தப் பிழையைத் தொடுவதே இல்லை. நோயுள்ள குழந்தைகள் பிறந்த சில மாதங்களுக்கு நலமாக இருப்பதை நியூயார்க் குழந்தை மருத்துவர் ஜேனட் வாட்சன் 1948இல் கவனித்தார். கருவிலிருக்கும்போது சுரக்கும் ஹீமோகுளோபின் அதுவரை அவர்களைக் காக்கிறது. அந்தச் சுரப்பை அணைப்பதில் பி.சி.எல்.11ஏ என்னும் மரபணுவுக்குப் பெரும் பங்கு உண்டு என்று 2007, 2008 ஆய்வுகள் வெளிப்படுத்தின. 2013இல், அந்த மரபணுவை ரத்தச் சிவப்பணுக்களில் மட்டும் முடுக்கிவிடும் சிறு பகுதி அடையாளம் காணப்பட்டது. கிரிஸ்பர் வெட்டுவது அந்தப் பகுதியைத்தான். அணைக்கும் கை தளர்கிறது; கருக்கால ஹீமோகுளோபின் மீண்டும் சுரக்கிறது. கூர்ந்த கவனிப்பு, மக்கள்தொகை மரபியல், உயிரணு ஆய்வு மூன்றும் ஒரே கோட்டில் வந்து சேர்ந்த இத்தகைய ஒருமை மருத்துவ வரலாற்றில் மிகச் சிலவற்றுக்கே வாய்த்திருக்கிறது.

சான்றும் வலியது. அமெரிக்க அனுமதிக்கு ஆதாரமான சோதனையில், மதிப்பிடத்தக்க காலம் கடந்திருந்த 31 பேரில் 29 பேருக்கு, தொடர்ந்து 12 மாதமாவது கடும் வலித்தாக்குதல் வரவில்லை. ஆண்டுக்குப் பலமுறை மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தவர்களுக்கு இது மறுபிறப்பு. ஆனால் எண்ணிக்கை சிறிது. ஒப்பீட்டுக் குழு கிடையாது. பின்தொடர்ந்த காலம் குறைவு. வெட்டு வேறெங்காவது விழுந்து பல்லாண்டு கழித்துத் தீங்கு தருமா என்பதற்குக் காலம்தான் விடை சொல்ல வேண்டும்.

குறைகள் வெட்டும் கருவியில் இல்லை, அதைச் சூழ்ந்துள்ள ஏற்பாட்டில் இருக்கின்றன. குருத்தணுக்களை எடுத்து, ஆய்வகத்தில் திருத்தி, திருப்பிச் செலுத்துவதற்கு முன், பழைய மஜ்ஜையை வீரியமான கீமோ மருந்தால் அழிக்க வேண்டும். மலட்டுத்தன்மை ஏற்படும் ஆபத்து அதன் அறியப்பட்ட விலை. தனிமை அறை, ரத்த வங்கி, தீவிர சிகிச்சை, பயிற்சி பெற்ற குழு எல்லாம் தேவை. அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர். இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவை 2025இல் இதை ஏற்றபோது, ஆண்டுக்குச் சுமார் 50 பேருக்குக் கிடைக்கும் என்று கணக்கிட்டது. ஐந்து லட்சத்துக்கு எதிரில் ஐம்பது. முதல் இரு தகுதிகளில் உயர்ந்து நிற்கும் இச்சிகிச்சை மூன்றாவதில் தவறிவிடுகிறது.

நோய்ச்சுமை மிகுந்த இடங்களில் இருப்பவர்களுக்குக் கொடுக்க மருத்துவத்திடம் வேறெதுவும் இல்லை என்றால் இந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம். இருக்கிறது என்பதே இந்த விவாதத்தின் மையம். 1986இல் வெளியான அமெரிக்கச் சோதனை, சிறு குழந்தைகளுக்குத் தினமும் பென்சிலின் கொடுத்தால் கடுமையான நிமோகாக்கஸ் தொற்று 84 சதவீதம் குறைகிறது என்று காட்டியது. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் சோதனை முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. 1995இல் ஹைட்ராக்ஸியூரியா என்னும் மாத்திரை, பெரியவர்களின் வலித்தாக்குதலை ஏறக்குறைய பாதியாக்கியது. இதுவும் கருக்கால ஹீமோகுளோபினைக் கூட்டும் மருந்துதான். காஸ்கெவி ஒரே முறையில் முழுமையாகச் செய்வதை இது அன்றாடம் ஓரளவுக்குச் செய்கிறது. 2019இல், அங்கோலா, காங்கோ ஜனநாயகக் குடியரசு, கென்யா, உகாண்டா நாடுகளில் 606 குழந்தைகளுக்கு இதைக் கொடுத்த ஆய்வில், நூறு குழந்தை-ஆண்டுகளுக்கு 3.6ஆக இருந்த இறப்பு 1.1ஆகக் குறைந்தது, மலேரியாவும் பாதியாகக் குறைந்தது. காஸ்கெவியிடம் காட்டிய கண்டிப்பை இங்கும் காட்ட வேண்டும்: இந்த ஆய்விலும் தனி ஒப்பீட்டுக் குழு இல்லை, மருந்து தொடங்குவதற்கு முந்தைய நிலையோடுதான் ஒப்பிட்டார்கள். மாத்திரை நோயைக் குணப்படுத்துவதும் இல்லை. வாழ்நாள் முழுதும் எடுக்க வேண்டும். அவ்வப்போது ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆனாலும் பென்சிலினைப் போல இதுவும் ஆரம்பச் சுகாதார நிலையம் வரை எடுத்துச் செல்லக்கூடிய கருவி.

இந்த இடத்தில் இந்திய இயக்கத்தைத் தராசில் ஏற்றுவோம். 17 மாநிலங்கள், பழங்குடியினர் மிகுந்த மாவட்டங்கள், 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேர் என்பது இலக்கு. 2025இன் நடுப்பகுதிக்குள் 6 கோடிக்கு மேற்பட்டோர் சோதிக்கப்பட்டதாகவும், 2 லட்சத்துக்கும் அதிகமான நோயாளிகள் கண்டறியப்பட்டதாகவும் அரசு அறிவித்தது. மரபியல் பரிசோதனை ஒன்று இவ்வளவு விரிவாக, இவ்வளவு புறக்கணிக்கப்பட்ட மக்களிடம் போய்ச் சேர்ந்தது பெரும் நிறை. வீச்சு என்ற மூன்றாவது தகுதியில், காஸ்கெவி கனவிலும் எட்டாத இடத்தில் இது நிற்கிறது.

குறை இரண்டாவது தகுதியில் இருக்கிறது. இயக்கம் தன் வெற்றியைச் சோதித்தவர்களின் எண்ணிக்கையால் சொல்கிறது. எத்தனை நோயாளிகள் ஓராண்டாக விடாமல் மாத்திரை எடுக்கிறார்கள், எத்தனை குழந்தைகள் ஐந்து வயதைத் தாண்டினார்கள் என்பவையே கேட்க வேண்டிய கணக்குகள். முறையிலும் ஒரு பலவீனம் உண்டு. முதற்கட்டத்தில் பரவலாகக் கையாளப்படும் கரைதிறன் சோதனை, நோயாளியையும், நோயில்லாமல் மரபணுவின் ஒரு பிரதியை மட்டும் சுமக்கும் கேரியரையும் பிரித்துக் காட்டாது. கருக்கால ஹீமோகுளோபின் மிகுந்திருக்கும் பச்சிளம் குழந்தையிடம் நம்பகமாக வேலை செய்யாது. பென்சிலின் காப்பாற்றக்கூடியது அந்தக் குழந்தையைத்தான். நாற்பது வயதுக்காரரைச் சோதிப்பதால் எண்ணிக்கை உயரும். பிறந்த வாரத்தில் கண்டறிந்தால் உயிர் மிஞ்சும்.

‘ஒழிப்பு’ என்ற சொல்லையும் கேள்வி கேட்க வேண்டும். கிருமியை ஒழிக்கலாம், மனிதர் உடலில் மரபாக ஓடும் ஒன்றை எப்படி ஒழிப்பது? விடையாக முன்வைக்கப்படுவது சோதனை முடிவைக் காட்டும் நிற அட்டையும் திருமணத்துக்கு முந்தைய ஆலோசனையும். இருவரும் கேரியர்களானால் ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு நோய் வாய்ப்பு என்ற கணக்கு சரியானது. அதை மக்களுக்குச் சொல்லும் கடமையும் சரியானது. ஆனால் அட்டை வரலாறற்றது அன்று. 1970களில் அமெரிக்காவில் கேரியர் பரிசோதனை பரவியபோது, நோயே இல்லாத கறுப்பினத்தவர் காப்பீட்டையும் வேலையையும் இழந்தார்கள். அமெரிக்க விமானப்படை அகாதமி அவர்களுக்குக் கதவடைத்தது. கிரேக்கத்தின் ஓர்கோமெனோஸ் ஊரில் நடந்த பரிசோதனை திருமணச் சந்தையில் களங்கமாக முடிந்தது. சிலர் தம் முடிவை மறைத்தார்கள். சைப்ரஸில் தலசீமியா என்னும் மற்றொரு பரம்பரை ரத்த நோயோடு பிறப்போர் பூஜ்யத்தை நெருங்கியது உண்மை. அங்கே நோயாளிகளுக்குத் தரமான சிகிச்சையும், தம்பதியருக்குக் கருவிலேயே கண்டறியும் வசதியும், முடிவெடுக்கும் உரிமையும் சேர்ந்து இருந்தன. அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட்டால் நமக்குக் கிடைப்பது ஓர்கோமெனோஸ்தான்.

பழங்குடியினர் விஷயத்தில் இந்த எச்சரிக்கைக்குக் கனம் கூடுகிறது. சில சிறு சமூகங்களில் கேரியர்களின் விகிதம் மிக அதிகம். அகமணமே வழக்காக உள்ள சில ஆயிரம் பேரிடம் ‘கேரியரைக் கேரியர் மணக்காதே’ என்பது அறிவுரையாக நிற்காது, பாரமாகவே இறங்கும். இந்தியாவில் காணப்படும் மரபு வகையில் கருக்கால ஹீமோகுளோபின் பொதுவாக அதிகம். நோயின் கடுமை ஆளுக்கு ஆள் வேறுபடும். நல்ல சிகிச்சை கிடைத்தால் வாழத்தக்க வாழ்க்கையை, பிறக்கவே கூடாத வாழ்க்கை என்று முத்திரை குத்த எந்த அட்டைக்கும் தகுதியில்லை.

இங்கே நினைவுகூர வேண்டிய வரலாறு நம் மண்ணில் இருக்கிறது. இந்தியாவில் இந்த மரபணு முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது நீலகிரி மலையில். ஆய்வாளர்கள் லேமனும் கட்புஷ்ஷும் அங்குள்ள மக்களின் ரத்தத்தைச் சோதித்து, முடிவை 1952இல் வெளியிட்டார்கள். ஒடிசாவிலும் கிழக்கு சவூதி அரேபியாவிலும் நோய் மென்மையாக இருந்தவர்களின் ரத்தம், கருக்கால ஹீமோகுளோபினின் காப்பாற்றும் ஆற்றலுக்குச் சாட்சி சொன்னது. காஸ்கெவியின் கருத்துக்கு அந்த உடல்களும் அடித்தளம். நீலகிரி ஆய்வு வெளியான ஆண்டுக்கும் தேசிய இயக்கம் தொடங்கிய ஆண்டுக்கும் இடையே 71 ஆண்டுகள். அந்த இடைவெளியில் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை போன்றவை, ஆதிவாசிகளையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றி, நோயாளிகளைத் தேடிப்போய்த் தொடர்ந்து பார்க்கும் முறையை உருவாக்கிக் காட்டியிருக்கின்றன. அந்த முறையின் அளவு சிறிது; ஆனால் கண்டறிதலும் கவனிப்பும் அதில் பிரிந்து நிற்பதில்லை. தேசிய இயக்கத்தை அளக்க வேண்டிய தரம் அதுவே.

எதிர்ப்பக்கத் தவறையும் செய்யக் கூடாது. மரபணுத் திருத்தம் செல்வந்தர் ஆடம்பரம், ஆராய்ச்சியை நிறுத்துங்கள் என்பது அளவுகோல் தெரியாத பேச்சு. எச்.ஐ.வி. மருந்துகளும் ஒருகாலத்தில் ஏழை நாடுகளுக்கு எட்டாதவையாக இருந்தன. விலை குறைந்ததும் கோடிக்கணக்கானோரைக் காத்தன. கீமோ இல்லாமல் உடலுக்குள்ளேயே திருத்தும் முறை கைகூடினால், மூன்றாவது தகுதியில் காஸ்கெவிக்குள்ள குறை நீங்கலாம். அந்த நாளுக்கும் பெயரறிந்த, பின்தொடரப்பட்ட நோயாளிகள்தான் முன்தேவை. மாத்திரையை ஒழுங்காகக் கொண்டுசேர்க்க முடியாத அமைப்பு மரபணுத் திருத்தத்தையும் கொண்டுசேர்க்காது.

தீர்ப்பு இதுதான். காஸ்கெவி அறிவியலாக முதல் தரம். சிகிச்சையாக, பெற்றவர்களுக்குப் பெரும் பேறு. பொதுச் சுகாதாரமாக இன்னும் தொடங்கவில்லை. இந்திய இயக்கம் வீச்சில் பாராட்டத்தக்கது. முறையில் திருத்தம் வேண்டுவது. நோயாளியின் வாழ்நாளைக் கணக்கில் கொள்ளாதவரை பாதிச் சாதனை. உயிர்களைக் காக்கப் போதுமான அறிவு 1995லேயே நம் கையில் இருந்தது. பிறந்த வாரத்தில் ஒரு துளி ரத்தம், ஐந்து வயதுவரை பென்சிலின், அதோடு இடையறாமல் ஹைட்ராக்ஸியூரியா: இவை மூன்றும் கடைசி மலைக்கிராமத்துக்குப் போய்ச் சேரும்போதுதான், மனித மரபியல் பொதுச் சுகாதாரத்தை மாற்றியது என்று எழுதும் உரிமை நமக்கு வரும்.