ஆல்பத்துக்கு முந்தைய மேடை

1994 ஜூனில் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி திருவிழாவில் ஆர்பிட்டல் என்ற இருவர் குழு வாசித்தது. பால் ஹார்ட்னால், ஃபில் ஹார்ட்னால் என்ற சகோதரர்கள். கிட்டார் இல்லை, பாடகர் இல்லை. இருட்டில் கருவிகளின் பொத்தான்கள் தெரிய வேண்டும் என்பதற்காகக் மூக்குக்கண்ணாடிச் சட்டத்தின் இருபுறமும் சிறு டார்ச் விளக்குகளைப் பொருத்தியிருந்தார்கள். மின்னணு இசையைப் பிரிட்டனின் பெருந்திருவிழாக்களுக்குள் கொண்டுசேர்த்த நிகழ்ச்சியாக அது இன்றும் பேசப்படுகிறது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அன்று ஒலித்த ‘ஆர் வீ ஹியர்?’, ‘அட்டாச்ட்’ இரண்டும் இடம்பெற்ற ‘ஸ்னிவிலைசேஷன்’ ஆல்பம் ஆகஸ்டில்தான் கடைக்கு வந்தது. பெருங்கூட்டம் ஒன்று, இன்னும் வெளிவராத ஓர் ஆல்பத்தின் இசைக்கு ஆடியது.

அவர்கள் நம்பியிருந்த கருவி அலேசிஸ் நிறுவனத்தின் எம்எம்டி-8 சீக்வென்சர், பதித்துவைத்த சுரங்களைச் சுழற்சியாக ஓடவிடும் பெட்டி. எட்டுத் தடங்கள், எட்டுப் பொத்தான்கள். ஒன்றை அழுத்தினால் தாளம் நுழையும், இன்னொன்றை அழுத்தினால் பேஸ் விலகும். ஒரு பகுதி எத்தனை சுற்று ஓட வேண்டும் என்பதை அந்த நொடியில் விரல்கள் முடிவு செய்யும். கர்நாடக இசைக் கச்சேரியில் கீர்த்தனை முன்பே முடிந்த வடிவம். ஆலாபனையும் கற்பனாஸ்வரமும் அன்றைக்குப் பிறப்பவை. ஆர்பிட்டலின் மேடையில் கணக்கு வேறு மாதிரி. ஒலி ஒவ்வொன்றும் முன்னரே செதுக்கப்பட்டுக் கருவிக்குள் காத்திருக்கிறது. அவற்றின் வரிசையும் நீளமும்தான் மேடையில் பிறக்கின்றன. ஆகவே ஒரு மின்னணு இசைக்கலைஞர் முடிக்காத ஒன்றை மேடையேற்றுவதைத் துணிச்சல் என்றோ விளம்பர உத்தி என்றோ பார்ப்பது போதாது. அது இசையமைப்பின் ஒரு கட்டம். இந்தத் துறையின் வரலாறு நெடுக அதற்குச் சான்றுகள் கிடக்கின்றன.

வேர் ஜமைக்காவில் இருக்கிறது. காக்ஸோன் டாட், டியூக் ரீட் போன்ற சவுண்ட் சிஸ்டம் (நடனக் கூட்டங்களுக்கான ஒலிபெருக்கி அமைப்பு) உரிமையாளர்கள் தாங்கள் பதிவுசெய்த பாட்டுகளை முதலில் தங்கள் நடனக் கூட்டத்துக்கு மட்டுமே போட்டார்கள். கூட்டம் திரும்பத் திரும்பக் கேட்டால்தான் அது தட்டாக அச்சாகும். 1960களின் இறுதியில் ஸ்பானிஷ் டவுனில் சவுண்ட் சிஸ்டம் நடத்திய ரடி ரெட்வுட்டுக்காக பாரகன்ஸ் குழுவின் ‘ஆன் தி பீச்’ பாட்டைத் தட்டில் வெட்டியபோது, பொறியாளர் குரல் தடத்தைச் சேர்க்கத் தவறிவிட்டார். ரெட்வுட் அந்தத் தட்டை அப்படியே வாங்கிப்போய்ப் போட்டார். குரல் இல்லாத இடத்தில் கூட்டமே பாடியது. குரலை விலக்கிப் பதிவை மறுகலவை செய்யும் டப் என்ற பெரும் மரபு அந்தக் குறையிலிருந்து கிளைத்தது என்று சொல்வார்கள்.

அங்கிருந்து டப்பிளேட் வழக்கம் லண்டனுக்கு வந்தது. அலுமினியத் தகட்டின்மேல் அரக்குப் பூசி, அதில் நேரடியாக வெட்டிய தட்டு அது. ஊசி ஓடும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேயும். சில பத்து முறைகளுக்குப் பின் மேல் சுரங்கள் மங்கிவிடும். 2005இல் பிரிக்ஸ்டனில் மாலா, கோக்கி, லோஃபா ஆகியோர் தொடங்கிய டிஎம்இசட் இரவுகளில் டப்ஸ்டெப் என்ற நடன இசை வளர்ந்தது இந்தத் தட்டுகளின்மேல்தான். ஓர் இசைத்துண்டு அச்சுக்குப் போகும் முன் மாதக்கணக்கில் அங்கே சுழலும். வெளிவராமலே போனவையும் உண்டு.

அறையில் செய்ததை ஏன் கூடத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும்? ஒரு காரணம் வெறும் இயற்பியல். 40 ஹெர்ட்ஸ் பேஸ் ஒலியின் அலைநீளம் சுமார் எட்டரை மீட்டர். படுக்கையறையை ஸ்டூடியோவாக்கி வேலை செய்பவரின் சுவர்கள் அதைவிட நெருக்கமானவை. ஒரு மூலையில் பேஸ் பெருக்கும், இன்னொரு மூலையில் காணாமல் போகும். தன் இசையின் அடித்தளம் எவ்வளவு கனமானது என்பது பெரிய ஸ்பீக்கர்களுக்கு முன்னால் நிற்கும்போதுதான் அவருக்கே தெரியவருகிறது. இன்னொரு காரணம் காலம். நாற்காலியில் தனியே உட்கார்ந்து கேட்கையில் நான்கு நிமிடச் சுழற்சி நீளமாகத் தோன்றும்; ஆடிக்கொண்டிருக்கும் உடல்களுக்கு நடுவே அதுவே தொடங்கும் முன் முடிந்துவிடும். ஃபோர் டெட் என்ற பெயரில் இயங்கும் கீரன் ஹெப்டன், லண்டனின் பிளாஸ்டிக் பீப்பிள் என்ற சிறிய, இருண்ட விடுதியில் தொடர்ந்து டிஜேயாக இருந்த காலத்தில்தான் 2010இல் வெளிவந்த ‘தேர் இஸ் லவ் இன் யூ’ ஆல்பம் உருப்பெற்றது. அதன் ‘லவ் க்ரை’ ஒன்பது நிமிடங்களுக்கு மேல் ஓடுகிறது. அந்த நீளத்துக்கான பொறுமை ஒரு கூடத்தில் கற்றது என்று கேட்கும்போதே புரிகிறது.

ஆனால் கூட்டம் ஒருதலைப்பட்சமான நீதிபதி. தாளம் திரும்பும் இடத்தில் கைகள் உயரும். மெல்லிய ஒலி நிறம் மாறும் இடத்தில் பேச்சுச் சத்தம் எழும். ஆரவாரத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டு திருத்துபவரின் ஆல்பத்தில் உச்சங்கள் மட்டுமே எஞ்சும். அப்படிக் கெட்டுப்போன ஆல்பங்கள் நிறைய உண்டு. பேஸின் கனத்தையும் பகுதியின் நீளத்தையும் மேடையிடம் கேட்கலாம். இசை நல்லதா என்ற கேள்வியை இசைக்கலைஞர் தன்னிடம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஜெர்மனியின் டேஞ்சரின் ட்ரீம் குழு வேறு வழியில் போனது. 1983 டிசம்பரில் வார்சாவில் வாசித்த புதிய இசையை ‘போலந்து’ என்ற பெயரில் நேரடி ஆல்பமாகவே அடுத்த ஆண்டு வெளியிட்டார்கள். ஸ்டூடியோ வடிவம் என்ற ஒன்றை அவர்கள் தேடவில்லை.

2001இல் பெர்லினிலிருந்து ஏபிள்டன் லைவ் மென்பொருள் வந்தபின் வேலைமேசைக்கும் மேடைக்கும் இருந்த தூரம் குறைந்தது. அதை உருவாக்கியவர்களில் கெர்ஹார்ட் பெலஸ், ராபர்ட் ஹென்கே இருவரும் மோனோலேக் என்ற பெயரில் இசை செய்தவர்கள். தங்கள் கச்சேரித் தேவையிலிருந்து கருவியை யோசித்தவர்கள். வீட்டில் பாதி செய்த கோப்பை அப்படியே திறந்து மேடையில் வாசிக்கலாம் என்றானது. பின்னாளில் ஹென்கேயே ஒரு சிக்கலை எழுதினார்: லேப்டாப்புக்குப் பின்னால் இருப்பவரின் கையசைவுக்கும் கேட்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பு பார்வையாளருக்குத் தெரிவதில்லை. முடிக்காத இசைக்கு இந்தச் சிக்கல் இரட்டிப்பு. நடப்பது தேடலா, ஓடவிட்ட கோப்பா என்று கூட்டத்துக்குத் தெரியாவிட்டால் அந்தத் தேடலில் அது பங்குகொள்ள முடியாது.

கைப்பேசி இன்னொரு மாற்றம்: கச்சேரியை யாரும் பதிவுசெய்து பரப்பலாம் என்றானது. 2010இல் பிரான்ஸின் மெட்ஸ் நகரில் ஏஃபெக்ஸ் ட்வின் என்ற மின்னணு இசைக்கலைஞர் வாசித்த பெயர் தெரியாத ஒன்றை ரசிகர்கள் ‘மெட்ஸ் ட்ராக்’ என்றே அழைத்தார்கள். 2014இல் ‘சைரோ’ ஆல்பம் வந்தபோது அது வேறு பெயரில் உள்ளே இருந்தது. நான்கு ஆண்டுகள் கரகரப்பான பதிவில் கேட்டுப் பழகியவர்களுக்கு, தெளிவான வடிவம் ஏதோ இழந்ததுபோல் பட்டிருக்கும். இந்த இழப்புணர்வை நான் மதிக்கிறேன். ஆனாலும் ஓர் ஒத்திகையைத் தீர்ப்புக்குரிய படைப்பாக உலகெங்கும் பரப்புவது, கலைஞரைத் தோற்றுப் பார்க்க முடியாதவராக ஆக்கிவிடும். தோற்றுப் பார்க்க முடியாத மேடையில் யாரும் புதியதைக் கொண்டுவர மாட்டார்கள்.

மேடை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இத்தாலியின் காத்தரீனா பார்பியேரி சாட்சி. மாடுலர் சின்தசைசரில் சில சுரங்களின் கோலத்தைச் சீக்வென்சரில் பதித்து, பயணக் கச்சேரிகளில் மாற்றி மாற்றி வாசித்தே அவர் தன் இசையை வளர்த்துவந்தார். 2020 ஊரடங்கில் மிலான் வீட்டில் அடைபட்டு எழுதியது ‘ஸ்பிரிட் எக்ஸிட்’, 2022இல் வந்தது. அதில் குரல் இருக்கிறது, உள்நோக்கிய அடர்த்தி இருக்கிறது. முந்தைய ‘எக்ஸ்டேட்டிக் கம்ப்யூட்டேஷன்’ ஆல்பத்தில் ஒரே கோலம் மெல்ல மெல்ல விரியும் அந்தத் துணிவு எனக்கு இதில் குறைவாகவே கேட்கிறது.

மேடையில் இசை வளரும் செயல்முறையை முழுதாகத் திறந்து காட்டியவர்கள் ஆட்டெக்கர்: ராச்டேல் ஊரின் ஷான் பூத், ராப் பிரவுன். விளக்குகளை அணைத்துவிட்டு முழு இருட்டில் வாசிப்பார்கள். மேக்ஸ் மென்பொருளில் தாங்களே கட்டிய அமைப்பு இரவுக்கிரவு வேறுவிதமாக நடந்துகொள்ளும். ‘ஏஇ லைவ்’ என்ற பெயரில் 2015 முதல் அந்தக் கச்சேரிகளைத் தனித்தனியே வெளியிட்டார்கள். 2016இல் அந்த அமைப்பிலிருந்தே வளர்ந்த ‘எல்செக்’ வந்தது. நான்கு மணி நேரம். இதைப் படிக்கும் நண்பர்கள் முதலில் க்ராக்கோவ், டப்ளின் பதிவுகள் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேளுங்கள். ஒரே இசை இரண்டு ஊர்களில் எங்கெங்கே பிரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதன்பிறகு ‘எல்செக்’குக்கு வாருங்கள்.