நிரல் திருத்தியும் குழுவின் களஞ்சியமும்: பாடத் திறனாய்வு நோக்கில் ஒரு மதிப்பீடு

முன்னுரை

மென்பொருள் எழுதுவோர் தம் நிரல் திருத்தியைக் குழுவின் பொதுக் களஞ்சியத்தைத் தாங்கும் வழங்கியுடன் இணைத்துப் பணியாற்றுவது இன்று இயல்பான நடைமுறை. ஒவ்வொரு மாற்றமும் பெயர், நாள், குறிப்பு ஆகியவற்றோடு அங்குப் பதிவாகிறது. நிரலும் செய்யுளும் கணினிக்கு எளிய உரைக்கோப்புகளே என்பதால், தமிழ் நூல்களின் மின்பாடங்களைக் குழுவாகத் தொகுப்போரும் இம்முறையைக் கைக்கொள்ள இயலும். ஆயின், நிரலுக்கென உருவான இவ்வமைப்பு பாடத் திறனாய்வின் தேவைகளை எந்த அளவு நிறைவுசெய்கிறது என்பது ஆராயத்தக்கது.

இருவகை இணைப்பும் பொறுப்பும்

மைக்ரோசாஃப்டின் டீம் ஃபவுண்டேஷன் சர்வர் தொடக்கத்தில் மையக் களஞ்சிய முறையையே கொண்டிருந்தது. அதில் முழு வரலாறும் வழங்கியில் இருக்கும். உறுப்பினர் கணினியில் பணிப்படி மட்டுமே இருக்கும். பிறர் திருத்தாதவாறு ஒரு கோப்பைப் பூட்டவும் இயலும். 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் அமைப்பிலோ ஒவ்வொருவரிடமும் வரலாற்றின் முழுப்படி இருக்கும்; பலர் ஒரே நேரத்தில் திருத்திப் பின்னர் இணைப்பர். மைக்ரோசாஃப்டு தன் வழங்கியின் 2013 பதிப்பில் கிட்டையும் சேர்த்துக்கொண்டது. அந்நிறுவனத்தின் விசுவல் ஸ்டூடியோ கோட் திருத்தியில் கிட்டுக்கான வசதி உள்ளமைந்திருக்க, பழைய மைய முறைக்குத் தனி நீட்சி தேவைப்பட்டது.

இவ்வேறுபாடு பதிப்புப் பொறுப்பைத் தொடுகிறது. மைய முறையில் மாற்றத்தின்மேல் நிற்கும் பெயர் வழங்கி சரிபார்த்த கணக்கிற்குரியது. கிட்டில் அப்பெயர் உறுப்பினர் தம் கணினியின் அமைப்பில் எழுதிக்கொண்டது. மின்கையொப்பம் இல்லாதபோது அதற்கு உறுதியில்லை. எனினும், மாற்றத்தை எழுதியவரையும் களஞ்சியத்தில் பதிந்தவரையும் கிட் தனித்தனியே குறிக்கிறது. திருத்தத்தை முன்மொழிந்தவர் ஒருவர், ஏற்றவர் மற்றொருவர் என அமையும் பதிப்புப் பணிக்கு இது மிகவும் பொருந்துகிறது.

எழுத்தும் வரியும்

கருவி எழுத்தைப் பார்ப்பதில்லை, குறியீட்டைப் பார்க்கிறது. ஒருங்குறியில் 'கொ' என்பதைக் ககரத்துடன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்த்தும் எழுதலாம். எகரக் குறி, கால் என்னும் இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். ஒருங்குறித் தரம் இவ்விரண்டையும் நிகரானவை என்கிறது. கிட் வேறானவை என்கிறது. ஒரு பாடம் முதல் வடிவிலிருந்து இரண்டாவதற்கு மாறிவிட்டால், கண்ணுக்குத் தெரியாத நூற்றுக்கணக்கான வேறுபாடுகள் தோன்றும். உண்மையான பாடவேறுபாடு ஒன்று அவற்றுள் மறைந்துபோகும்.

ஒப்பீட்டின் அடிப்படை அலகு வரி. செய்யுளின் அடியை ஒரு வரியாக அமைப்பதால் அங்கு இடரில்லை. உரைப்பகுதியில் பத்தி முழுவதும் ஒரே வரியாக இருந்தால், ஓரெழுத்து மாறினும் பத்தியே மாறியதாகப் பதிவாகும். சொல்வாரி ஒப்பீடு உண்டு. அது இயல்பாக இடைவெளியைக் கொண்டே சொல்லைப் பிரிக்கும். எனவே சந்தி பிரித்தெழுதுவதும் பாடவேறுபாடு போலவே தோன்றும்.

கால வரிசையும் சான்று வரிசையும்

மேற்கண்டவை ஒழுங்குபடுத்தக்க இடர்கள். அடிப்படை இடர் வேறு. உ. வே. சாமிநாதையர் தம் பதிப்புகளில் பிரதிபேதங்களைத் தந்தமையால், ஏற்காத பாடமும் வாசகர் பார்வையில் நின்றது. களஞ்சியத்திலோ ஏற்காத பாடம் பழைய நிலையாகி வரலாற்றின் அடியில் மறைகிறது. களஞ்சியம் பாடங்களைப் பதிப்பாளர் பணிசெய்த கால வரிசையில் அடுக்குகிறது. பாடத் திறனாய்வு அவற்றைச் சான்று வரிசையில் அருகருகே வைக்கிறது. இரு சுவடிகளின் பாடங்களுள் எது முந்தையது என்பதைப் பதிவு நாள் தீர்மானிக்க இயலாது.

ஒவ்வொரு சுவடியையும் ஒரு கிளையாக வைத்துக்கொள்ளலாம் எனத் தோன்றலாம். ஆனால் கிளை என்பது பொதுவாக முன்னுள்ள ஒரு நிலையிலிருந்து பிரிந்ததைக் குறிக்கும். சுவடிகளின் கிளைவழி ஆய்வின் முடிவாகப் பெறப்பட வேண்டியது. இங்கு அது ஆய்வுக்கு முன்னரே கருதுகோளாக நுழைந்துவிடுகிறது. ஆகவே பிரதிபேதங்கள் கோப்பினுள்ளேயே தரவாக இடம்பெற வேண்டும். டி.இ.ஐ. வழிகாட்டு நெறிகளில் இதற்கென ஒரு பகுதி உள்ளது.

முடிவுரை

களஞ்சியம் காப்பது பாடத்தின் வரலாற்றை அன்று. பதிப்பாளர் முடிவுகளின் வரலாற்றையே. அதுவும் சிறிய பயனன்று. மின்பாடங்களில் உழைத்தோர் பெயரை முகப்பில் தருவதால் எச்சொல் எப்போது மாறியது என்பது தெரியாது. களஞ்சியத்தில் அது தெரியும். ஒவ்வொரு நிலைக்கும் கிட் தரும் அடையாளக் குறியீட்டைக் கொண்டு, தாம் கண்ட பாடம் எது என்பதை ஆய்வாளர் துல்லியமாகச் சுட்டலாம். ஆயின் ஏன் மாறியது என்பதைக் கருவி அறியாது. 'திருத்தம்' என்னும் ஒற்றைச் சொல்லையும் அது போதிய குறிப்பாக ஏற்றுக்கொள்ளும். ஆகவே திருத்தியை வழங்கியுடன் இணைக்கும் முன், குழு மூன்றை முடிவுசெய்துகொள்ள வேண்டும்: ஒரே ஒருங்குறி வடிவம், வரியின் அலகு, ஒவ்வொரு குறிப்பிலும் சான்றும் காரணமும் தருதல். இவை இல்லாத களஞ்சியம், மாற்றங்களைக் காத்து அவற்றின் நியாயத்தை இழந்துவிடும்.