மைசூர் சுல்தான்களின் எழுச்சியும் வீழ்ச்சியும்: சேலம், நாமக்கல் பகுதியிலிருந்து ஒரு மறுபார்வை

ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் மைசூர் அரசு 1799 மே 4 அன்று சீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்தது என்று பாடநூல்கள் கூறுகின்றன. அது சரியே. ஆனால் சேலம், நாமக்கல், சங்ககிரி பகுதிகளில் அந்த ஆட்சி ஏழு ஆண்டுகளுக்கு முன்பே, 1792 மார்ச்சில் முடிந்துவிட்டது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் எழுதப்படும் கட்டுரைகள் வீழ்ச்சியின் காரணத்தையும் தவறவிடுகின்றன என்பது என் கருத்து.

முதலில் எழுச்சி. ஹைதர்தான் சேலத்தை வென்று மைசூருடன் இணைத்தார் எனப் பலர் எழுதுகின்றனர். இப்பகுதியின் பெரும்பகுதி சிக்கதேவராய உடையார் (1673-1704) காலத்திலேயே மைசூர் வசமாகிவிட்டது. கடப்பை நவாபிடமிருந்து ஹைதர் பெற்றது வடக்கிலுள்ள பாராமகால். ஹைதர் செய்த உண்மையான மாற்றம் வேறு. பாளையக்காரர்களை ஒடுக்கி, வரியை அரசு அலுவலர் மூலம் வாங்கி, அந்தப் பணத்தில் நிலையான படையை வைத்துக்கொண்டார். 1780இல் பொள்ளிலூரில் கம்பெனிப் படை அடைந்த படுதோல்விக்கு ஏவுகணைகளை மட்டும் காரணமாகச் சொல்வது வழக்கம். அந்தப் படைக்குத் தவறாமல் சம்பளம் கொடுத்த வருவாய் முறையை யாரும் பேசுவதில்லை.

அந்த வருவாய்தான் 1792இல் அடிபட்டது. காரன்வாலிஸ், மராத்தியர், நிசாம் ஆகிய மூவருடனும் செய்த உடன்படிக்கைப்படி திப்பு தம் நாட்டில் பாதியை இழந்தார். 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தண்டமும் ஏற்றார்; இரு மகன்களைப் பிணையாக அனுப்பினார். சேலம், பாராமகால், திண்டுக்கல், மலபார் ஆகியவை கம்பெனிக்குப் போயின. ஈரோடு உள்ளிட்ட கோயம்புத்தூர்ப் பகுதி திப்புவிடமே நின்றது. காவிரியின் இக்கரையில் கம்பெனி, அக்கரையில் சுல்தான்! பாதி நாட்டின் வரியைக் கொண்டு முழு நாட்டின் போர்க்கடனை அடைக்க வேண்டிய அரசு, அதே எதிரிகளுக்கு எதிராக மீண்டும் எத்தனை நாள் நிற்கும்?

நானும் வகுப்பில் பல ஆண்டுகள் ‘மீர் சாதிக்கின் துரோகம்’ என்று கரும்பலகையில் எழுதிப்போட்டவன்தான். மாணவர் நினைவில் நிற்க எளிது, மதிப்பெண்ணும் கிடைக்கும். ஒரு கோட்டை வீழ்ந்த விதத்தை அது விளக்கலாம். ஓர் அரசு மெலிந்த விதத்தை விளக்காது.

சான்றுகளிலும் சிக்கல் உண்டு. மைசூர் வரலாற்றை 1810 முதல் வெளியிட்ட மார்க் வில்க்ஸ் மைசூரில் ஆங்கிலேய ரெசிடென்டாக இருந்தவர். 1883இல் சேலம் மாவட்டக் கையேட்டைத் தொகுத்த லெ ஃபானு அரசு அதிகாரி. தோற்றவரைப் பற்றி வென்றவர் எழுதிய நூல்கள் இவை. அந்த எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். இதற்கு மறுவினையாக, திப்புவைக் குறையே இல்லாத மாவீரராகக் காட்டும் இன்றைய எழுத்துகளும் நமக்கு உதவாது. மலபாரிலும் குடகிலும் அவர் படைகள் செய்த கொடுமைகளை மறைத்துவிட்டு வரலாறு எழுத இயலாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1792இல் சேலம், பாராமகாலுக்கு வந்த கலெக்டர் அலெக்சாண்டர் ரீடும், உதவியாளர்களான மன்றோ, மெக்லியோட், கிரகாம் ஆகியோரும் படை அதிகாரிகள். நாட்டு மொழி அறிந்தவர்கள். இடைத்தரகரை விலக்கி உழவரிடம் நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறையை இங்கேதான் உருவாக்கினார்கள். மைசூர் அரசு முன்பே அந்தத் திசையில் நடந்திருந்தது என்பதை பர்ட்டன் ஸ்டெயின் போன்ற வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். நம் கட்டுரைகளோ ரயத்துவாரியை மன்றோவின் தனிக் கண்டுபிடிப்பாகவே இன்றும் எழுதி வருகின்றன.

நாமக்கல் மலைக்கோட்டையை ஊரில் பலர் ‘திப்பு கோட்டை’ என்பார்கள். கட்டியவர் பற்றிக் கூறப்படும் பெயர்களெல்லாம் அவருக்கு முந்தைய காலத்தைச் சேர்ந்தவை. 1768இல் கம்பெனிப் படை அதைப் பிடித்தது. சில மாதங்களில் ஹைதர் மீட்டார். 1792இல் கைமாறிய பிறகு அது மைசூருக்குத் திரும்பவில்லை. ஓசூர்ப் பகுதி மட்டும் 1799 வரை திப்புவிடம் இருந்து, அதன் பின்னரே சேலம் மாவட்டத்தோடு சேர்ந்தது.