புளியங்கொம்பும் ஜி.ஐ. பைப்பும்

நல்ல வேலையோ நல்ல சம்பந்தமோ அமைந்தவரைப் பார்த்து "புளியங்கொம்பாப் பிடிச்சிட்டான்" என்பது நம் வழக்கம். புளியங்கிளை வளைந்து கொடுக்கும், லேசில் முறியாது. முருங்கையோ பச்சையாக இருக்கும்போதே மளுக்கென்று ஒடியும். ஏறியும் விழுந்தும் கயிறு கட்டி ஆடியும் பிள்ளைகள் சேர்த்து வைத்த அறிவு அது. திண்டிவனம் என்ற பெயரே தின்திரிவனம், அதாவது புளியங்காடு, என்பதன் திரிபு என்பார்கள். அந்த ஊர்ப் பிள்ளைக்கு ஊஞ்சல் வேண்டுமென்றால் ஒரு காலத்தில் தாம்புக்கயிறு ஒன்று போதும்.

இன்று சாலையோரப் புளியமரங்களில் பல நான்குவழிச் சாலைக்கு இரையாகிவிட்டன. விழுப்புரத்தைச் சுற்றியும் திண்டிவனத்தைச் சுற்றியும் எழுந்துள்ள புது நகர்களில் மனை என்றால் பெரும்பாலும் 30-க்கு 40 அடி, அதாவது அரை கிரவுண்டு. வீடு, வண்டி நிறுத்தம், போர்வெல், சம்ப், செப்டிக் டேங்க் எல்லாம் போக, பின்பக்கம் ஒரு துண்டு இடம் மிஞ்சும். அங்கேதான் பேரப்பிள்ளைக்குச் சறுக்குமரமும் ஊஞ்சலும் வைக்கத் தாத்தா ஆசைப்படுகிறார்.

ஆசையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்று, நான்கு வயதுப் பிள்ளை நாளொன்றுக்கு மொத்தம் 180 நிமிடமாவது உடம்பை அசைத்து விளையாட வேண்டும், அதில் 60 நிமிடம் மூச்சு வாங்கும்படி ஓடியாட வேண்டும், திரையின் முன்னே ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காரக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. பேருந்தும் லாரியும் பறக்கும் சாலையைத் தாண்டிப் பூங்காவுக்குப் போக வேண்டிய வீட்டில் 180 நிமிடம் என்பது பெரிய கணக்கு. அம்மா சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்க்கும் தூரத்தில் ஏணியும் சறுக்குமரமும் இருந்தால் அந்தக் கணக்கில் பாதி தானாகவே நடந்துவிடும். ஏறுவதும் சமநிலை பிடிப்பதும் கொஞ்சம் பயந்து பிறகு துணிவதும் பிள்ளைக்கு வேண்டியவை. அவற்றை வீட்டிலேயே தருவதால் இந்தப் பழக்கம் பாராட்டத்தக்கது. பணம் எங்கே போகிறது என்று பார்க்கும்போதுதான் குறை தெரிகிறது.

ஊஞ்சல் செய்யச் சொல்லிப் போகும் வெல்டிங் பட்டறையில் முதலில் வரும் கேள்வி, "எத்தனை அடி உயரம் சார்?" பிள்ளைக்கு என்ன வயது என்று கேட்பவர் அரிது. கேட்டையும் கிரில்லையும் நன்றாகச் செய்யத் தெரிந்த கை அது. பைப் கனமாக இருக்கும், மாமா உட்கார்ந்து ஆடினாலும் வளையாது, பழுதானால் அடுத்த தெருவிலேயே ஆள் உண்டு. இவை பெரிய பலங்கள். ஆனால் கேட் செய்யும் கண்ணோடு ஊஞ்சலையும் செய்கிறார்கள். ஜி.ஐ. பைப்பின் மேல் துத்தநாகப் பூச்சு இருக்கிறது. வெல்டிங் சூட்டில் இணைப்பைச் சுற்றி அந்தப் பூச்சு எரிந்து வெண்புகையாகப் போய்விடும். கிரைண்டர் போட்டுத் தேய்த்து மேலே பெயிண்டை அடித்தால் ஒன்றும் தெரியாது, பளபளவென்று இருக்கும். ஓரிரு மழைக்காலம் போனதும் பைப் முழுக்கப் புதிதாக இருக்க, இணைப்பில் மட்டும் காவி நிறத்தில் ஒரு வளையம் கட்டும். ஊஞ்சலின் பாரம் முழுவதையும் தாங்கும் இடம் அதுதான். மரக்காணத்து உப்பளக் காற்று படும் ஊர்களில் வளையம் இன்னும் சீக்கிரம் வரும். துத்தநாகம் கலந்த பிரைமரை இணைப்புகளில் இரண்டு கோட் அடித்த பிறகே பெயிண்ட் அடிக்கச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டால் நடக்காது.

அடுத்தது இடைவெளி. ஜன்னல் கிரில்லில் கம்பிக்குக் கம்பி 4 அங்குலம் விட்டுப் பழகிய கை, சறுக்குமர மேடையைச் சுற்றிய தடுப்புக்கும் அதையே விடும். மூன்றரை அங்குலத்துக்கும் 9 அங்குலத்துக்கும் இடைப்பட்ட எந்தச் சந்தும் ஆபத்து என்கிறது அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கையேடு. உடம்பு நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும். சந்து மூன்றரைக்கும் குறைவாக இருக்க வேண்டும், அல்லது 9-க்கும் மேலாக. சங்கிலியை மாட்டும் எஸ் கொக்கியின் வாயை நன்றாக நெரித்து மூட வேண்டும். ஒரு ரூபாய்க் காசின் விளிம்பு நுழைந்தால்கூட அது மூடியதாகாது. துப்பட்டாவும் சட்டை நாடாவும் சிக்குவது அங்கேதான்.

வண்ணத்துக்கும் ஒரு விதி உண்டு. வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-ஐத் தாண்டக் கூடாது என்ற இந்திய விதி 2017 நவம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது, டப்பாவிலும் அதை அச்சிட வேண்டும். தொழிற்சாலைப் பெயிண்டுகள் அந்த விதிக்குள் வரவில்லை. கம்பியைக் கடிக்கும் வயதுப் பிள்ளைக்கு எந்த டப்பாவிலிருந்து அடித்தார்கள் என்பது முக்கியம். கடையில் விற்கும் பொம்மைகளுக்கும் 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். வீட்டு ஊஞ்சல், சறுக்குமரங்களுக்கென்றே ஐ.எஸ். 9873 தரத்தில் நான்காம் பகுதி இருக்கிறது. ஆர்டர் கொடுத்துச் செய்யும் சாமானில் அந்த முத்திரையை எதிர்பார்க்க முடியாது. அங்கே சோதிக்க வேண்டியவர் தாத்தாதான்.

பிளாஸ்டிக் செட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூன்று வயதுக்குக் கீழே அது நல்லது. விளிம்பு மழுங்கியிருக்கும், எடை குறைவு, இடம் மாற்றலாம். வருடக்கணக்காக வெயிலில் கிடந்தால் வெளிறி, தொட்டால் மாவாக உதிரும். அதற்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

இந்த வட்டாரத்துக்கே உரிய இன்னொரு வழி சவுக்கு. கடலோரத்திலிருந்து உள்ளே வரை சவுக்குத் தோப்புகள் நிறைந்த மாவட்டம் இது. பந்தல் போடுகிறவர் இரண்டு முக்கோணம் கட்டி நடுவே ஒரு கழி வைத்தால் அரை நாளில் ஊஞ்சல் ரெடி. தொட்டால் சுடாது, துருப்பிடிக்காது. ஆனால் மண்ணுக்குள் இருக்கும் பகுதியைக் கரையான் உள்ளிருந்தே தின்னும், வெளியே பார்த்தால் கழி திடமாகத்தான் தெரியும். தரைமட்டத்தில் கத்தி முனையால் குத்திப் பார்த்து, மெத்தென்று இறங்கினால் அன்றைக்கே ஊஞ்சலை அவிழ்த்துவிட வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அப்படி ஊறிய மண்ணில் எந்தக் காலும் நட்டபடி நிற்காது. கழியானாலும் பைப்பானாலும் மழைக்காலம் முடிந்ததும் அசைத்துப் பார்த்தாக வேண்டும்.

இவ்வளவும் சாமானைப் பற்றியது. பிள்ளை விழுவது சாமானின் மேல் அல்ல, தரையின் மேல். ஆர்டர் கொடுக்கும்போது தரையைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை என்பதுதான் இந்தப் பழக்கத்தின் பெரிய குறை. சிமெண்ட் தளத்தின் மேல் பச்சைப் புல் விரிப்பைப் போட்டுச் சறுக்குமரத்தை நிறுத்துகிறார்கள். பார்க்க மெத்தை மாதிரி இருக்கும் அந்த விரிப்புக்கு அடியை வாங்கும் சக்தி கிடையாது. மொட்டை மாடி என்ற யோசனையையே கைவிட வேண்டும். மேலே சொன்ன கையேட்டின் கணக்குப்படி, 4 அடி உயரத்திலிருந்து விழும் பிள்ளையைக் காக்க 9 அங்குல ஆழத்துக்கு இளக்கமான மணல் வேண்டும், சாமானைச் சுற்றி எல்லாப் பக்கமும் 6 அடி விட்டு. ஏணியும் சறுக்கும் சேர்ந்து 6 அடி நீளம், 2 அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். சுற்றுவெளியோடு 18-க்கு 14 அடி, மொத்தம் 252 சதுர அடி. 9 அங்குலம் நிரப்ப 189 கன அடி, கிட்டத்தட்ட இரண்டு யூனிட் மணல். ஆற்று மணல் விற்கிற விலையில் பலருக்கும் இந்த இடத்தில்தான் மனம் பின்வாங்கும். அப்போது எம்-சாண்ட் கொட்டிவிடலாம் என்று தோன்றும். கூடாது. அதிலுள்ள கல்தூள் மழையில் இறுகித் தளம் போலாகிவிடும். மணலுக்குப் பணமில்லையென்றால் உயரத்தைக் குறைக்க வேண்டும். இரண்டடி மேட்டிலிருந்து சறுக்கும் மூன்று வயதுப் பிள்ளையின் சந்தோஷம் உயரத்தை அளந்து பார்ப்பதில்லை.

ஊஞ்சலுக்கு இன்னும் அதிக இடம் வேண்டும். மேல் கம்பி எத்தனை அடி உயரமோ அதைப்போல இருமடங்கு முன்னாலும் இருமடங்கு பின்னாலும் வெறும் வெளி. 6 அடி உயரக் கம்பிக்கு 24 அடி. அரை கிரவுண்டு மனையின் அகலவாக்கில் ஆடவிட்டால் அது கிடைத்துவிடும், பக்கவாட்டில் இருபுறமும் விட வேண்டிய 6 அடி கிடைக்காது. மதிலை ஒட்டி ஊஞ்சல் கட்டுவதைவிட அந்த வீட்டில் ஊஞ்சலே வேண்டாமென்று விடுவது நேர்மையான முடிவு. களமும் தோட்டமும் உள்ள கிராமத்து வீடுகளுக்கு இந்தக் கவலை இல்லை.

தகரச் சறுக்குமரத்தை வடக்குப் பார்த்து வைத்தால் சூடேறாது என்று மேல்நாட்டுக் கையேடுகள் சொல்லும். இங்கே அது பலிக்காது. விழுப்புரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 12 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்டு மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நம் உச்சிக்கும் வடக்கே நிற்கிறது. கோடை விடுமுறையில் வடக்குப் பார்த்த தகரமும் தோலைப் பொசுக்கும். வீட்டுக்குக் கிழக்கே வைத்தால் பிள்ளைகள் விளையாடும் மாலை 4 மணிக்கு வீட்டு நிழலே விழும். வேப்ப நிழல் இருந்தால் அதற்கு மேல் வேறெதுவும் வேண்டாம்.

தரை என்னும்போது தரைக்குள் இருப்பதையும் சேர்த்துத்தான். 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் ஒரு தனியார் பள்ளியின் கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து மழலையர் வகுப்புச் சிறுமி ஒருத்தி உயிரிழந்தாள். அந்தச் செய்தி வந்த நாளில் மாவட்டமே துடித்தது. புதுமனை வீடுகளில் செப்டிக் டேங்கும் சம்பும் இருப்பது பெரும்பாலும் அதே பின்பக்கத் துண்டில்தான். துருப்பிடித்த தகர மூடி, விரிசல் விட்ட ஸ்லாப், வாய் மூடாத பழைய போர்வெல் குழி ஆகியவற்றைச் சரிசெய்யும் வரை சறுக்குமரத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கவே கூடாது. இதில் சமரசத்துக்கு இடமில்லை.

அன்பினால் நேரும் ஒரு விபத்தும் உண்டு. பயப்படும் பிள்ளையைத் தாத்தாவோ அத்தையோ மடியில் வைத்துக்கொண்டு சறுக்குவார்கள். பிள்ளையின் கால் பக்கவாட்டில் உரசி நின்றுவிடும், பெரியவரின் எடை கீழே தள்ளிக்கொண்டே போகும். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிய அது போதும். அமெரிக்காவில் 2002 முதல் 2015 வரை சறுக்குமரத்தில் அடிபட்ட ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் சுமார் மூன்றரை லட்சம் பேர் என்று கணக்கிட்ட ஆய்வு, இந்த மடிச்சறுக்கலைத்தான் முக்கியமாக எச்சரித்தது. தானே ஏறத் தெரியாத உயரம் அந்தப் பிள்ளைக்கான உயரமே அல்ல.

கடை விற்கும் செட் என்பது ஏறு, சறுக்கு, ஆடு என்ற மூன்றோடு முடிந்துவிடுகிறது. பிள்ளைத்தமிழின் கடைசிப் பருவங்களைப் பாருங்கள். ஆண்பாலில் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலில் அம்மானை, நீராடல், ஊசல். மணல் வீடு, கொட்டு, இழுக்கும் வண்டி, எறிந்து பிடிக்கும் காய், தண்ணீர், ஊஞ்சல். ஆறில் ஒன்றுக்குத்தான் கால் நட வேண்டும். மற்ற ஐந்தும் பிள்ளை கையில் எடுத்து, கலைத்து, மறுபடி செய்கிறவை. அதனால்தான் பளபளப்பான சறுக்குமரம் பத்து நாளில் அலுத்துப்போக, அதன் காலடி மணலில் பிள்ளை மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறது. கொட்டாங்குச்சி, ஒரு குடம் தண்ணீர், பனங்காய் வண்டி போதும். ஆரோவில்லை ஒட்டிய கோட்டக்கரையில் இசைக்கருவிகள் செய்யும் ஸ்வரம் பட்டறை, தட்டினால் பாடும் குழாய்களை வெட்டவெளியில் நிறுத்தியிருக்கிறது. சிறுபறைக்கு அதைவிட நல்ல மாதிரி வேண்டுமா? மூங்கில் துண்டுகளைத் தொங்கவிட்டால் வீட்டிலும் அது கிடைக்கும். பழைய டயர் மட்டும் யோசித்துச் சேர்க்க வேண்டியது. உள்ளே தேங்கும் நீரில் டெங்குக் கொசு முட்டையிடும், தேய்ந்த ரேடியல் டயரிலிருந்து கம்பி நீட்டும். அடியில் துளை போட்டு, கம்பியில்லாததாகப் பார்த்தே வைக்க வேண்டும். மணலை இரவில் பூனை கிளறாதபடி தார்ப்பாய் போட்டு மூட வேண்டும்.

அரை கிரவுண்டு வீட்டுக்காரர் பட்டறைக்குப் போகும் முன் மணல்காரரிடம் போவது நல்லது. இடத்தை அளந்து, மூடிகளைச் சரிபார்த்து, மணல் எவ்வளவு கொட்ட முடியும் என்று தெரிந்த பிறகே உயரத்தைச் சொல்ல வேண்டும். சட்டத்தை போல்ட் போட்டுக் கழற்றும்படி செய்யச் சொல்லலாம். ஆறேழு வயதில் பிள்ளை சைக்கிளுக்கு மாறிவிடும். அப்போது கொக்கிகளைக் கழற்றிவிட்டு மேலே கயிறு பின்னினால், அதே கால்களில் அவரையோ பாகலோ படரும்.