யானையும் பாகனும்

மாற்றுக் கருத்துடைய ஒருவரைக் கண்டதும் நம் உள்ளத்தில் முதலில் எழும் எண்ணம் யாது? “இவர் அறியாதவர்” என்பது. அரைமணி நேரம் வாதிட்ட பின்னர் எழும் எண்ணம்? “இவர் அறிந்தும் மறுக்கிறார், ஆகவே தீயவர்” என்பது. அறியாமை, அன்றேல் கயமை! கருத்து வேற்றுமைக்கு இவ்விரண்டைத் தவிர வேறு காரணமே இல்லையென நாம் நம்புகிறோம். விந்தை என்னவெனில், நம்மைப்பற்றி ஆத்திகரும் இதையேதான் நம்புகின்றனர். இருசாராரும் ஒருவரையொருவர் மூடர் என்றும் கயவர் என்றும் ஏசிவிட்டு இல்லம் திரும்புகின்றனர். கூட்டம் கலைகிறது, கருத்து மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இந்நிலை ஏன் என்று ஆராயப் புகுந்த நூலொன்று அமெரிக்காவில் 2012-ஆம் ஆண்டு வெளிவந்தது. ‘தி ரைட்டியஸ் மைண்ட்’ என்பது அதன் பெயர். எழுதியவர் ஜோனதன் ஹைட் எனும் உளவியல் பேராசிரியர். நல்லவர்களே அரசியலாலும் சமயத்தாலும் பகைத்து நிற்பது எதனால் என்பது நூலின் வினா. பகுத்தறிவாளர் கட்டாயம் படிக்கவேண்டிய நூல் இது. எனினும் அதன் முடிவுகள் அனைத்தையும் தலைமேல் தாங்கவேண்டிய கட்டாயம் நமக்கில்லை. கொள்வன எவை, தள்ளுவன எவை என்று காண்போம்.

நூலின் முதற்பகுதி ஓர் உவமையில் அடங்கும். மனித உள்ளம் யானைமீது அமர்ந்த பாகனைப் போன்றது. யானை என்பது உணர்ச்சி. நொடியில் தோன்றும் விருப்பும் வெறுப்பும். பாகன் என்பது அறிவு. பாகனே யானையைச் செலுத்துகிறான் என்றுதானே எண்ணுகிறோம்? இல்லை என்கிறார் ஹைட். யானை தான் விரும்பிய பக்கம் திரும்பிவிடுகிறது. “அதுவே நேர்வழி” என்று ஊராருக்கு விளக்கம் சொல்வதுதான் பாகனின் வேலை! அறிவு, உணர்ச்சியின் ஊழியன் என்று 18-ஆம் நூற்றாண்டிலேயே டேவிட் ஹியூம் எழுதினார். அக்கருத்துக்குச் சோதனைச் சான்று தேடுகிறார் இவர்.

சான்றும் கிடைக்கிறது. பிரேசில் நாட்டின் ரெசீஃபி, போர்ட்டோ அலெக்ரி நகரங்களிலும், அமெரிக்காவின் பிலடெல்பியாவிலும் மக்களிடம் சில சிறு கதைகளைக் கூறினார். வண்டியில் அடிபட்டு இறந்த தம் வளர்ப்பு நாயை ஒரு குடும்பத்தார் சமைத்து உண்டனர்; எவரும் பார்க்கவில்லை. ஒரு பெண் பழைய தேசியக் கொடியைக் கிழித்துக் குளியலறையைத் துடைத்தாள். அதையும் எவரும் பார்க்கவில்லை. “இது குற்றமா?” என்பது கேள்வி. 1993-இல் வெளிவந்த அந்த ஆய்வில், கதைப்படி எவருக்கும் தீங்கில்லை என்றபோதும், எங்கோ எவருக்கோ தீங்கு நேருமென்று தேடிப்பிடித்துச் சொன்னவர்கள் பலர். பிற்காலச் சோதனைகளில், தாம் கூறிய காரணமெல்லாம் உடைந்தபின்னும், “ஏனென்று சொல்லத் தெரியவில்லை, ஆயினும் குற்றமே” என்று நின்றவர்களும் உண்டு. தீர்ப்பு முதலில் வந்தது. விசாரணை பின்னர் நடந்தது!

1960-இல் பீட்டர் வேசன் எனும் ஆங்கில உளவியலார் வெளியிட்ட புதிரையும் இங்கு நினைக்கலாம். 2, 4, 6 என மூன்று எண்கள். அவற்றுக்கு ஒரு விதியுண்டு. நீங்களும் மும்மூன்று எண்களாகச் சொல்லலாம். விதிக்குப் பொருந்துமா என்று விடை வரும். அதைக்கொண்டு விதியைக் கண்டறிய வேண்டும். “இரண்டிரண்டாக ஏறும் எண்கள்” என்று பெரும்பாலோர் எண்ணினர். 8, 10, 12 என்றனர். பொருந்தும் என்று விடை வந்தது. 20, 22, 24, அதுவும் பொருந்தியது. உடனே விதியைக் கண்டுவிட்டதாக அறிவித்தனர். உண்மை விதியோ “ஏறுவரிசையில் எந்த மூன்று எண்களும்” என்பதே. 1, 7, 50 என்று ஒருமுறை சொல்லியிருந்தால் உண்மை வெளிப்பட்டிருக்கும். என் வகுப்பு மாணவரிடம் இப்புதிரைக் கூறியபோது, முந்திக்கொண்டு விடை பகர்ந்தவர்கள் வகுப்பின் கெட்டிக்காரர்கள், தவறியவர்களும் அவர்களே. தன் எண்ணத்தை மெய்ப்பிக்கத் தேடும் மனம், அதைப் பொய்ப்பிக்கத் தேடுவதில்லை.

தாமஸ் கிலோவிச் என்ற ஆய்வாளரின் கருத்தொன்றை ஹைட் எடுத்தாள்கிறார். விரும்பிய செய்தி வந்தால் “இதை நம்பலாமா?” என்று கேட்கிறோம்; சிறு சான்றே போதும். விரும்பாத செய்தி வந்தால் “இதை நம்பித்தான் ஆகவேண்டுமா?” என்று கேட்கிறோம், சிறு ஐயமே போதும், தள்ளிவிட! சோதிடம் ஒருமுறை பலித்ததும் ஊரெல்லாம் பறைசாற்றி, ஒன்பதுமுறை பொய்த்ததை மறக்கும் பக்தனை நாம் எள்ளி நகையாடுகிறோம். சரி. அர்ச்சகர் ஒருவர் நகை திருடினார் எனும் செய்தியை எந்த விசாரணையுமின்றி ஏற்கும் நாம், அர்ச்சகர் ஒருவர் ஏழைப் பிள்ளைகளைப் படிக்கவைத்தார் எனும் செய்திக்கு மட்டும் இருபது சான்று கேட்கிறோமே, அது என்ன? நாத்திகன் ஏறிய யானையும் யானைதான்! பகுத்தறிவு என்பது பிறர் கருத்தின்மேல் மட்டும் பாய்ச்சும் வெளிச்சமன்று.

இதுவரை நூலாசிரியரோடு நமக்குப் பிணக்கில்லை. ஆனால், “அப்படியாயின் பகுத்தறிவுப் பேச்சே வீண்” என்று முடிவுகட்ட வருவோரிடம் நாம் இரண்டு சொல்லவேண்டும். ஒன்று, அந்நூலிலேயே உள்ளது. ஹார்வர்டில் ஜோசுவா கிரீனும் அவர்தம் குழுவினரும் நடத்திய சோதனை அது. மனம் அருவருக்கும் ஒரு கதையைக் கூறி, அச்செயலைக் காக்கும் வாதம் ஒன்றையும் கொடுத்தனர். உடனே விடை கேட்டபோது, வலிய வாதமும் சொத்தை வாதமும் ஒன்றுபோலவே பயனற்றுப் போயின. இரண்டு நிமிடம் எண்ணிப் பார்க்கவைத்து விடை கேட்டபோதோ, வலிய வாதம் மனத்தை அசைத்தது. எண்ணுவதற்கு நேரம் கிடைத்தால் யானை செவிசாய்க்கிறது!

மற்றொன்று, யானையைப் பற்றி நம் நாட்டார் அறிந்த செய்தி. ஒருநாளில் எந்தப் பாகனும் யானையைப் பழக்கியதில்லை. தோள்வலியால் வெல்லவும் இயலாது. நாள்தோறும் குளிப்பாட்டி, உணவூட்டி, குரல் பழக்கி, அங்குசத்தையும் கையில் வைத்திருந்தே பழக்குகிறான். மனித மனமும் அப்படியே. மேடையில் ஒருமணி நேரத்தில் மாறாத நெஞ்சம், பள்ளியாலும் பழக்கத்தாலும் சட்டத்தாலும் ஒரு தலைமுறையில் மாறுகிறது. யானைக்கு மதம் பிடித்த வேளையில் மட்டும் அருகே செல்லலாகாது; இரு பொருளிலும் இது உண்மை.

இனி நூலின் இரண்டாம் பகுதி. நாவுக்குச் சுவைகள் பல இருப்பதுபோல் அறவுணர்வுக்கும் ஆறு சுவைகள் உண்டென்கிறார் ஹைட். இரக்கம், நேர்மை, விடுதலை, கூட்டப்பற்று, மேலோர்க்குப் பணிதல், புனிதம் என்பன அவை. அறுசுவை அறிந்த தமிழர்க்கு இது எளிதில் விளங்கும். அமெரிக்க முற்போக்காளர் முதல் மூன்றையே பெரிதும் பரிமாறுகின்றனர். பழைமைவாதிகளோ ஆறையும் பரிமாறுகின்றனர். ஆகவேதான் மக்கள் அவர்கள் பந்தியில் அமர்கின்றனர் என்பது அவர் முடிவு.

மக்கள் மனத்தை விளக்கும் கூற்றாக இதனைக் கொள்ளலாம். அறத்தை அளக்கும் கோலாகக் கொள்ளலாகாது. நாவுக்கு இனிப்பு என்பதால் நீரிழிவு நோயாளிக்கு வெல்லம் மருந்தாகிவிடுமா? சுவை உண்டு என்பது ஒன்று. அது நலம் தருமா என்பது வேறொன்று. விளக்குவது வேறு, விதிப்பது வேறு என்று ஹைட்டும் அறிவார். எனினும் அவர் எழுத்து நெடுகிலும், ஆறும் இருந்தால்தான் பந்தி முழுமை எனும் தொனி கேட்கிறது. அத்தொனி எங்கிருந்து வந்தது?

நம் நாட்டிலிருந்து வந்தது! 1993-இல் ஒரிசாவின் புவனேசுவரத்தில் அவர் மூன்று மாதங்கள் தங்கினார். தாம் அப்போது 29 வயது நாத்திகர், சமத்துவத்தில் பற்றுடையவர் என்று அவரே எழுதுகிறார். விருந்துக்கு அழைத்த வீடுகளில் ஆடவர் அமர்ந்து உண்டனர். பெண்டிர் பேசாது பரிமாறிவிட்டு அடுக்களைக்குள் மறைந்தனர். வேலையாட்களுக்கு நன்றி சொல்லவேண்டாம், கண்டிப்பாக நடத்துக என அவருக்கு அறிவுரை கிடைத்தது. முதலில் திகைத்தார். நாளடைவில் விருந்தோம்பிய அன்பர்களைப் பிடித்துப்போயிற்று. அவர்கள் கண்கொண்டு உலகைப் பார்க்கலானார். தூய்மையும் படிநிலையும் கடமையும் இணைந்த அறம் அவருக்கு விளங்கலாயிற்று.

விளங்கியது மகிழ்ச்சியே. ஆனால் எவருடைய கண்கொண்டு பார்த்தார்? உண்டவர் கண்கொண்டு பார்த்தார். பரிமாறிய கைகளின் கருத்து என்ன? நன்றி பெறாத வேலையாளின் நெஞ்சில் என்ன சுவை ஊறியது? கூடத்தில் அமர்ந்தவனுக்குக் குடும்பம் ஒரு பல்கலைக்கழகம். அடுக்களையில் நிற்பவளுக்கு அது என்ன என்பதை அவளைக் கேட்டன்றோ அறியவேண்டும்?

கேட்டவர்கள் உண்டு. செசிலியா வைன்ரிப், எலியட் டுரியல் எனும் ஆய்வாளர் இருவர், இஸ்ரேலின் வடபகுதியில் வாழும் துரூசு இன மக்களிடையே ஆராய்ந்து 1994-இல் முடிவுகளை வெளியிட்டனர். தந்தையும் கணவனும் ஆணையிடும் மரபு ஓங்கிய சமுதாயம் அது. அங்கும், அவ்வாணைகளில் பல நேர்மையற்றவை என்று ஆடவரைவிடப் பெண்டிரே மிகுதியாகக் கூறினர். அஞ்சிப் பணிந்தனர், ஆயினும் அநீதி என்று அறிந்தே பணிந்தனர். பணிவைக் கண்டு அதைப் பண்பாடு என்று எழுதிவிடுவது எளிது. “ஒரு சமுதாயத்தின் அறம் இதுவே” என்று எவரேனும் கூறும்போது, அச்சமுதாயத்தில் யார் சொன்னது என்று கேட்பதே திறனாய்வின் முதற்கடமை.

புனிதம் எனும் சுவைக்கு நம் வரலாற்றில் ஒரு சான்று போதும். மராட்டிய நாட்டு மகாட் நகரில் சவுதார் குளம். அதனைத் தீண்டப்படாதோர்க்கும் திறந்துவிட்டதாக நகராட்சி 1924-இல் தீர்மானித்தது. ஆயினும் சாதி இந்துக்கள் விடவில்லை. 1927 மார்ச் 20-ஆம் நாள் அம்பேத்கர் தம் மக்களை அழைத்துச் சென்று அந்நீரைப் பருகினார். பின்னர் நடந்தது என்ன? சாணமும் கோமியமும் பாலும் தயிரும் நிறைந்த 108 குடங்களால் குளத்துக்குத் ‘தூய்மை’ செய்தனர்! மாடு குடித்தால் கெடாத குளம், மனிதன் குடித்தால் கெட்டது.

அந்தக் குடங்களைச் சுமந்தவர்கள் எல்லோரும் அரக்கர்களா? இல்லை. வீட்டில் அன்புள்ள தந்தையராகவும், கடையில் நாணயமுள்ள வணிகராகவும் அவர்களிற் பலர் இருந்திருக்கக்கூடும். இதைத்தான் ஹைட்டின் நூல் நமக்குக் கற்பிக்கிறது. இந்த அளவில் அது பெரும்பணி. அறியாமை, கயமை என்ற இரண்டு சொற்களால் அவர்களை விளக்கிவிட முடியாது. ஆனால் குடம் சுமந்தவன் நெஞ்சத்தை நாம் விளங்கிக்கொண்டதால், குளக்கரையில் நின்றவன் தாகம் தணிந்ததா? அவ்வுரிமையைப் பம்பாய் உயர்நீதிமன்றம் உறுதிசெய்தது 1937-இல். குடம் சுமந்தோர் மனம் மாறும்வரை காத்திருந்தால் அந்நாள் வந்திருக்குமா? விளங்கிக்கொள்ளுதல் நம் கடமை. விட்டுக்கொடுத்தல் நம் கடமையன்று.

மூன்றாம் பகுதி, சமயம் மக்களைப் பிணைக்கும் திறன் பற்றியது. ரிச்சர்டு சோசிஸ் என்பார் 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் தோன்றிய 200 கூட்டுவாழ்வுக் குடியிருப்புகளை ஆராய்ந்தார். தோன்றி இருபதாண்டு கழிந்தபின், சமயச் சார்பற்றவற்றில் 6 விழுக்காடே எஞ்சின. சமயச் சார்புடையவற்றில் 39 விழுக்காடு எஞ்சின. உறுப்பினரிடம் மிகுந்த தியாகம் கேட்ட சமயக் குடியிருப்புகள் மிகுந்த காலம் வாழ்ந்தன. இதைக் காட்டிச் சமயத்தின் பயனைப் போற்றுகிறார் ஹைட்.

நீடித்திருப்பதே நன்மைக்குச் சான்றெனின், சாதியைவிட நல்லது இவ்வுலகில் எது? ஈராயிரம் ஆண்டு நிலைத்ததல்லவா அது! கட்டு உறுதியானது என்பதோடு, கட்டுண்டவர் யார், கட்டியவர் யார் என்பதையும் கேட்கவேண்டும். எனினும் இங்கும் நமக்கொரு பாடம் இருக்கிறது. கருத்தை மட்டும் கொடுத்துவிட்டுக் கூட்டுறவைக் கொடுக்காத இயக்கம் நில்லாது. கோயில் திருவிழாவுக்குச் செல்பவன் கடவுளைக் காண மட்டுமா செல்கிறான்? உறவினரைக் காணவும், உடன் உண்ணவும், தனிமை நீங்கவும் செல்கிறான். “கடவுள் இல்லை” என்று கூறி அவனைத் தனியே நிறுத்தினால் நாளையே திரும்பிப் போவான். சீர்திருத்தத் திருமணம் வேர்கொண்டது எதனால்? புரோகிதரையும் மந்திரத்தையும் நீக்கியபோது, மாலையையும் விருந்தையும் சுற்றத்தார் வாழ்த்தையும் நீக்காமல் வைத்ததால். 1967-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அத்திருமணத்துக்குச் சட்ட ஏற்பை வழங்குமுன், மக்கள் நெஞ்சில் அதற்கு இடம் பிடித்துத் தந்தது அந்த மகிழ்ச்சியே.

ஆகவே இளைஞர்களே, இந்நூலிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளவேண்டியது யாது? மாற்றுக் கருத்துடையவர் எதை உயிராய் மதிக்கிறார் என்று முதலில் கேட்டறிவோம். அமெரிக்காவில் மேத்தியூ ஃபைன்பெர்க், ராப் வில்லர் எனும் இருவர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், சுற்றுச்சூழல் காப்பைத் தூய்மையின் மொழியில் கூறியபோது பழைமைவாதிகளும் ஆதரவு காட்டினர். ஆற்றைத் தாய் என்று கும்பிடுபவரிடம், “தாயின் வாயிலா சாக்கடையை ஊற்றுவது?” என்று கேட்பதில் இழிவொன்றும் இல்லை. ஆனால் எல்லை ஒன்றுண்டு. மனிதரை மனிதர் தாழ்த்தும் தூய்மையின் மொழியை எக்காரணம் பற்றியும் நாம் கடன் வாங்கலாகாது. அந்த நாணயத்தைச் செலவழித்தால் அதன் மதிப்பை நாமே உயர்த்தியவராவோம்.

அடுத்த கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து எதிர்க்கேள்வி கேட்பார். அவரை மூடர் என்று கைதட்டலுக்காக ஏசுவது எளிது. அவர் அமர்ந்திருக்கும் பக்கம் சென்று அமர்ந்து, அவர் அஞ்சுவது எது, இழக்க அஞ்சுவது எது என்று கேளுங்கள். கேட்டபின் நம் கருத்தைச் சொல்லுங்கள். ஓரெழுத்தும் குறைக்காமல் சொல்லுங்கள். அன்றே அவர் மாறாமலிருக்கலாம். மறுவாரமும் அவர் வருவாராயின், நம் வேலை தொடங்கிவிட்டது என்று பொருள்.